லேப்டாப் திரையில் கோட்டிங் உரிகிறதா? துணியை எடுப்பதற்கு முன்...

மூக்குக்கண்ணாடிக் கடையில் "ஆன்டி-கிளேர் போட்டுடலாமா சார்?" என்று கேட்பார்கள். அவர்கள் போட்டுத் தருவது ஒளி எதிரொளிப்பதைக் குறைக்கும் பூச்சு. லென்ஸைச் சாய்த்துப் பார்த்தால் பச்சையாகவோ ஊதாவாகவோ ஒரு சாயல் தெரியுமே, அது. லேப்டாப் கடையில் அதே ஆன்டி-கிளேர் என்ற சொல்லுக்கு அர்த்தம் வேறு: முகம் தெரியாத, மங்கலான 'மேட்' திரை. ஒரே பெயரில் இரண்டு சாமான்கள். திரையில் கறை கறையாக ஏதோ உரிகிறது என்றதும் யூடியூப் பார்த்துத் தேய்க்க உட்காருபவர்கள் முதலில் சறுக்குவது இங்கேதான்.

2012-ல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோ போன்றவற்றில் முகப்பு முழுக்கக் கண்ணாடி. வெறும் கண்ணாடிப் பரப்பு தன்மேல் விழும் ஒளியில் சுமார் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். அதைக் குறைக்கத்தான் மேலே அந்தப் பூச்சு. ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு அளவுக்குத்தான் கனம்; தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. விசைகளில் படிந்த கை எண்ணெய், மூடிய மூடியின் அழுத்தம், வீரியமான கிளீனர் என்று பல காரணங்களால் அது திட்டுத்திட்டாகக் கழன்றுவிடுகிறது. ஆனால் அது போனாலும் அடியில் முழுக் கண்ணாடி பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் மிச்சத்தையும் எடுத்துவிட முடிகிறது.

மேட் திரையில் கதை வேறு. அங்கே முகப்பில் இருப்பது போலரைசர் ஃபிலிம், அதாவது ஒளியை வடிகட்டும் பிளாஸ்டிக் தாள். அதன் மேற்பரப்பையே நுணுக்கமாகச் சொரசொரப்பாக்கியிருப்பார்கள். உரித்தெடுக்க அடியில் கண்ணாடி முகப்பு கிடையாது. என் தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை டூத்பேஸ்ட்டை வைத்து அரை மணி நேரம் தேய்த்தான். கறை போனது. அந்த இடம் எண்ணெய் தடவினாற்போல் பளபளத்தது, அதன் வழியே எழுத்தெல்லாம் கோணலாகத் தெரிந்தது. பேனலையே மாற்ற வேண்டியதாயிற்று.

கண்டுபிடிப்பது சுலபம். லேப்டாப்பை அணைத்துவிட்டுத் திரையில் டியூப்லைட்டைப் பாருங்கள். விளிம்பு கூர்மையாகத் தெரிந்து, லேசாக நிறச்சாயலும் இருந்தால் பூச்சுள்ள கண்ணாடி. வெளிச்சம் பஞ்சு மாதிரி கலைந்து தெரிந்தால் மேட், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கண்ணாடிதான் என்று தெரிந்தாலும் உடனே இறங்க வேண்டாம். கட்டம் கட்டமாக விசைகளின் அச்சு விழுந்திருந்தால் அது வெறும் எண்ணெய்ப் பிசுக்காகவும் இருக்கலாம். மைக்ரோஃபைபர் துணியை ஆர்ஓ தண்ணீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்து துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் நிம்மதி. வரைபடத்தில் தீவுகளைப் போல ஓரம் தெரியும் திட்டுகள் நின்றால்தான் பூச்சு கழன்றிருக்கிறது என்று பொருள். வாரண்டி பாக்கி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2015 அக்டோபரில் தொடங்கி, இந்தக் கோளாறு வந்த மாடல்களுக்கு, வாங்கிய 4 ஆண்டு வரை ஆப்பிளே திரையை இலவசமாக மாற்றித் தந்தது. அந்தப் பழைய மாடல்களுக்குக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. புதிய லேப்டாப் என்றால் நீங்களாகச் சுரண்டிவிட்டுக் கொண்டுபோய் நிற்பதைவிடக் கறையோடு கொண்டுபோவது மேல்.

இனி தேய்ப்பது. இணையத்தில் பிரபலமானது வாய் கொப்பளிக்கும் லிஸ்டரின், அதுவும் ஆல்கஹால் கலந்த வகை. அடுத்தது சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்ப்பது. சோடா கண்ணாடியைவிட மிருதுவானது. கடினத்தைக் குறிக்கும் மோஸ் அளவில் சோடா 2.5, கண்ணாடி 5.5-ஐ ஒட்டி. ஆகவே கீறல் பயம் குறைவு. டூத்பேஸ்ட்டை நான் சொல்ல மாட்டேன். அதில் பெரும்பாலும் சிலிக்கா துகள் இருக்கிறது. பல்லை வெளுப்பாக்கும் ரகங்கள் இன்னும் மோசம். பிளேடு, பாத்திரம் தேய்க்கும் ஸ்கிரப்பர் இரண்டும் வேண்டவே வேண்டாம். நெயில் பாலிஷ் ரிமூவரும் தின்னரும் பூச்சை எடுக்கிறதோ இல்லையோ, ஓரத்து ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் ஒரு கை பார்த்துவிடும்.

எதை எடுத்தாலும் திரைமேல் ஊற்றாதீர்கள். வழிகிற திரவம் கீழ் விளிம்பில் இறங்கும். கேபிளும் சர்க்யூட்டும் அங்கேதான். சார்ஜரைக் கழற்றி, முழுக்க அணைத்து, மேசையில் துண்டு விரித்துத் திரையின் முதுகைப் படுக்க வையுங்கள். கீபோர்டு பாகம் சாய்ந்து நிற்கும், யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். துணியை நனைத்து, உள்ளங்கை அளவு இடமாக எடுத்துக்கொண்டு மெதுவாகத் தேய்த்துப் போக வேண்டும். கழன்ற இடம் சீக்கிரம் வரும். இன்னும் இறுகப் பிடித்திருக்கும் இடம் பொறுமையைச் சோதிக்கும். அந்தக் கட்டத்தில்தான் கட்டைவிரலை ஊன்றி அழுத்தத் தோன்றும். அழுத்தினால் உள்ளே பின்விளக்கைப் பரப்பும் தாள்களில் தடம் விழுந்து, நிரந்தரமாக ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும்.

கறை உள்ள மூலையை மட்டும் எடுத்துவிட்டு விடுவதும் தவறு. எடுத்த இடத்துக்கும் எடுக்காத இடத்துக்கும் நடுவே கோடு தெரியும், திரை கறுப்பானால் கண் அங்கேயே போகும். எடுத்தால் முழுக்க எடுக்க வேண்டும். அதற்கு மனமில்லை என்றால் கறையோடு வாழலாம். திரை ஒளிரும்போது பல திட்டுகள் கண்ணுக்கே தெரியாது.

முடிந்தபின் முன்பிருந்த திரை திரும்பி வராது. கறையில்லாத, ஆனால் ஜன்னலையும் உங்கள் சட்டையையும் காட்டும் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருபவர்களுக்கு அது தொந்தரவு. மேட் ஃபிலிம் வாங்கி ஒட்ட நினைத்தால் இரண்டு விஷயம். பூச்சு பாதி உரிந்த நிலையில் ஒட்டினால், பிறகு ஃபிலிமை எடுக்கும்போது பசை மிச்சத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். இன்னொன்று கனம்: மேக்புக்கை மூடும்போது திரைக்கும் கீபோர்டுக்கும் நடுவே இடம் மிகக் குறைவு. கேமரா மூடிகூடப் பிரிண்டர் தாள் அளவு, 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது ஆப்பிள். தடித்த ஃபிலிமென்றால் மூடுவதற்கு முன் கழற்றிவிடுகிற காந்த ரகமாகப் பார்த்து வாங்குங்கள்.