பயிற்சித்தாளை நகலெடுத்துக்கொண்டே இருக்க வேண்டாம்

முதலாம் ஆண்டுப் பிள்ளைகளின் எழுத்துப் பயிற்சித்தாளை ஆளுக்கொன்றாக ஒரே ஒரு முறை அச்சிட்டு, கோப்பில் போடும் வழவழப்பான பிளாஸ்டிக் உறைக்குள் செருகிக் கொடுத்துவிடுங்கள். மேலே வெள்ளைப்பலகை மார்க்கரால் எழுதட்டும், பழைய காலுறையால் துடைத்தால் அடுத்த வகுப்புக்குத் தயார். அந்த மை பிளாஸ்டிக்கில் ஊறாது, மேலேயே காய்ந்து நிற்கும், அதனால்தான் துடைத்ததும் போகிறது. 247 எழுத்துகளுக்கும் மாற்றி மாற்றிச் செருகலாம். தப்பாக எழுதினால் உடனே அழிக்கலாம் என்பதால் பயந்த பிள்ளைகூட கை வைக்கும், எனக்குக் காகிதச் செலவைவிட இதுதான் பெரிது.

மை ராத்திரி முழுக்கக் கிடந்து பிடித்துக்கொண்டதா? அதே மார்க்கரால் அதன் மேலேயே கிறுக்கி, காய்வதற்குள் துடையுங்கள், புது மையிலுள்ள கரைப்பான் பழையதையும் இளக்கிவிடும்.

வகுப்பறை மதிப்பீட்டுக்குச் சான்றாகக் கோப்பில் வைக்க வேண்டிய வேலைக்கு இது உதவாது, அதற்குக் காகிதமும் பென்சிலும்தான். அப்புறம், சொரசொரப்பான மங்கல் உறை வேண்டாம், கறை நிற்கும். இடக்கைப் பிள்ளைகள் எழுதும்போதே கை பட்டு அழிந்துவிடும், அவர்களுக்கு உறையைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். பினாங்கில் அடுத்த பணியிடைப் பயிற்சியில் பேச ஏதும் இல்லையென்றால் இதை 5 நிமிடத்தில் செய்து காட்டலாம்.