ஹைலக்ஸுக்கு வீல் ஆஃப்செட்டும் டயர் அளவும்

டயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் 17 அங்குல வீலுக்குக் கம்பெனி தருவது 7.5 அங்குல அகலம், +30 ஆஃப்செட், 265/65 ஆர்17 டயர் (265 மி.மீ. அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 65 சதவீதம், 17 அங்குல வீல்). +30 ஆஃப்செட் என்றால், வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் (வீலைப் பொருத்தும் அச்சு முனையில்) பதியும் முகம் 30 மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்று பொருள்.

8.5 அங்குலம், +10 வீல் போட்டால் வெளி விளிம்பு அகலம் கூடியதால் 12.7, ஆஃப்செட் குறைந்ததால் 20, அதாவது மொத்தம் 32.7 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 7.3 மி.மீ. சஸ்பென்ஷனை விட்டு விலகும். ஸ்டீயரிங் உதறும், பேரிங்குக்குச் சுமை கூடும், மட்கார்டைத் தாண்டிச் சேறு தெறிக்கும். தோற்றத்துக்காக இந்த அளவுக்குப் போகவே வேண்டாம்; +20 போதும்.

டயரை 265/70 ஆர்17 ஆக்கினால் விட்டம் 776-லிருந்து 803 மி.மீ. ஆகும். வண்டி உயர்வது பாதிதான், 13 மி.மீ. ஸ்பீடோமீட்டர் காட்டுவதைவிட நிஜ வேகம் 3.4 சதவீதம் கூடும். ஸ்டீயரிங்கை இருபுறமும் முழுக்க ஒடித்து, ஒரு முன்சக்கரத்தை மேட்டில் ஏற்றி, மட்கார்டின் உள் லைனரில் (உட்புறப் பிளாஸ்டிக் உறையில்) உரசுகிறதா பாருங்கள்.

புது வீலில் 6×139.7 பிசிடி (6 போல்ட், அவை அமையும் வட்டத்தின் விட்டம் 139.7 மி.மீ.), 106.1 மி.மீ. நடுத்துளை பொருந்த வேண்டும். லோடு இண்டெக்ஸ் (டயர் தாங்கும் சுமையைக் குறிக்கும் எண்) பழைய டயரைவிடக் குறையக் கூடாது. கம்பெனி அலாய் நட்டு தட்டை வாஷர் வகை. வெளிக்கடையில் வாங்கும் அலாய்க்குப் பெரும்பாலும் கூம்பு நட்டு. மாற்றிப் போட்டால் நட்டு தளர்ந்து வீலே கழன்றுவிடலாம். 100 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானரால்) மறுபடி முடுக்குங்கள். ஸ்டெப்னியையும் அதே அளவுக்கு மாற்றுங்கள்.