இடது கீழறையின் இயக்கவியலைக் கணினியில் மாதிரியாக்குவது எப்படி?

இதயத்தின் நான்கு அறைகளையும் ஒரே முயற்சியில் கணினிக்குள் கொண்டுவர முனைபவர்கள் பெரும்பாலும் பாதி வழியில் நின்றுவிடுகிறார்கள். உடல் முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையை மட்டும் எடுத்துக்கொண்டு, முதலில் சுருங்காத தசை, அடுத்துச் சுருங்கும் தசை, அதன் பிறகே இரத்த ஓட்டம் என்ற வரிசையில் போவது நல்லது. மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு விடை தவறினால், பிழை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியே இராது.

தசையைச் சிறு துண்டுகளாகப் பகுத்துக் கணக்கிடும் ஃபைனைட் எலிமெண்ட் முறையே இங்கு வழக்கம். ஃபெனிக்ஸ், ஃபெபயோ போன்ற இலவச மென்பொருள்களில் இதைச் செய்யலாம். ஒற்றை அறைக்குச் சாதாரண மேசைக் கணினியே போதும். தொடங்கும் முன் அலகுகளை முடிவு செய்து எழுதி வையுங்கள். நீளத்தை மில்லிமீட்டரிலும் தகைவைக் (ஓர் அலகுப் பரப்பில் செயல்படும் உள்விசையை) கிலோபாஸ்கலிலும் வைத்தால் விசை தானாகவே மில்லிநியூட்டனில் வரும். மருத்துவத் தரவுகளோ பாதரச மில்லிமீட்டரில் கிடைக்கும். ஒரு கிலோபாஸ்கல் என்பது சுமார் 7.5 மி.மீ. பாதரசம். இதை மறந்தவரின் இதயம் முதல் அடியிலேயே பலூன்போல் ஊதிவிடும்.

வடிவத்துக்கு, மேற்பகுதி வெட்டப்பட்ட நீள்வட்டகம் ஒன்று போதும். உட்பரப்பின் குறுக்கு ஆரம் 2.5 செ.மீ., நெடுக்கு அரையச்சு 6 செ.மீ., நடுவிலிருந்து 2 செ.மீ. மேலே வெட்டு, சுவரின் தடிமன் சுமார் 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் உள்ளே ஏறத்தாழ 116 மி.லி. பிடிக்கும். இரத்தம் நிரம்பிய நிலையில் உள்ள வளர்ந்தவரின் கீழறைக்கு இது பொருத்தமான அளவே. மெஷ் (வடிவத்தைப் பகுக்கும் துண்டுகளின் வலை) போடும்போது சுவரின் தடிமனுக்குள் குறைந்தது மூன்று, நான்கு துண்டுகளாவது இருக்கட்டும். தசை ஏறக்குறைய அமுங்காத பொருள் என்பதால், எளிய நேரியல் நான்முகித் துண்டுகள் செயற்கையாக விறைத்துக்கொண்டு, சுவர் அசையாததுபோல் காட்டும். இருபடித் துண்டுகளையோ, இடப்பெயர்ச்சியையும் அழுத்தத்தையும் தனித்தனி மாறிகளாகக் கொள்ளும் கலப்பு முறையையோ பயன்படுத்தினால் இந்தத் தொல்லை நீங்கும்.

அடுத்தது தசை நார்களின் திசை. இதில் அவசரம் கூடாது. 1969இல் ஸ்ட்ரீட்டரும் அவர் குழுவினரும் நாயின் இதயத்தில் அளந்து காட்டியபடி, உட்பரப்பில், அறையைச் சுற்றிச் செல்லும் திசையிலிருந்து சுமார் +60 பாகையில் சாய்ந்திருக்கும் நார்கள் சுவரின் நடுவில் வட்டமாகச் சுற்றி, வெளிப்பரப்பில் சுமார் −60 பாகைக்குத் திரும்புகின்றன. நார்கள் ஏறத்தாழ 15 சதவீதமே குறுகினாலும், கீழறை தன் கொள்ளளவில் பாதிக்கு மேல் வெளியேற்றுவதற்கு இந்தத் திருகமைப்பு ஒரு முக்கியக் காரணம். மாதிரியில் இந்தக் கோணத்தை, உட்பரப்பில் 0 என்றும் வெளிப்பரப்பில் 1 என்றும் வைத்து, இடையில் சீராக மாறும் மதிப்பைத் தரும் லாப்லாஸ் சமன்பாட்டைத் தீர்த்து, கிடைக்கும் மதிப்புக்கு ஏற்பப் படிப்படியாக மாற்றலாம். குறியைத் தலைகீழாக எழுதிவிடுவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நேரும். அதைப் பிடிக்கும் வழி பின்னால் வருகிறது.

சுருங்காத தசை எவ்வளவு நீண்டால் எவ்வளவு தகைவு எழும் என்பதைச் சொல்ல, 1991இன் கூச்சியோனே விதியோ, 2009இன் ஹோல்சாப்ஃபெல்–ஆக்டன் விதியோ எடுத்துக்கொள்ளலாம். முன்னதில் நான்கு அளவுருக்கள், பின்னதில் எட்டு. இரண்டிலும் தகைவு, நீட்சியோடு அடுக்குக்குறியாக ஏறும். ஒரே ஓர் அழுத்தமும் கொள்ளளவும் கையில் இருக்கும்போது எட்டு எண்களையும் தனித்தனியே கண்டறிய முடியாது என்பதால், கூச்சியோனே விதியில் தொடங்குவதே என் பரிந்துரை.

இனி, பலரும் தாண்டிச் செல்லும் படி. நிரம்பிய இதயத்தின் படத்திலிருந்து எடுத்த வடிவம் ஏற்கெனவே விரிந்திருக்கிறது. அதைத் தகைவற்ற தொடக்க வடிவமாகக் கொள்வது தவறு. 2006இல் க்ளோட்ஸ் குழுவினர் தந்த அனுபவச் சூத்திரப்படி, அழுத்தமில்லா நிலையின் கொள்ளளவைப் பெற, நிரம்பிய கொள்ளளவை 0.6இலிருந்து பாதரச மில்லிமீட்டரில் உள்ள அழுத்தத்தின் 0.006 மடங்கைக் கழித்துவரும் எண்ணால் பெருக்க வேண்டும். நம் 116 மி.லி. அறையில் அழுத்தம் 10 மி.மீ. என்றால் விடை சுமார் 63 மி.லி.; அதாவது கொள்ளளவு ஏறத்தாழ இரு மடங்கு வேறுபடுகிறது! இந்தத் தொடக்க வடிவத்தைத் தேடும் முறை எளியது. ஓர் ஊக வடிவத்தை எடுத்து அதே அழுத்தத்தில் விரிக்க வேண்டும். விரிந்த வடிவம் படத்திலுள்ள வடிவத்திலிருந்து ஒவ்வொரு கணுவிலும் (துண்டுகள் சந்திக்கும் புள்ளியிலும்) எவ்வளவு விலகுகிறதோ, அதை ஊக வடிவத்திலிருந்து கழிக்க வேண்டும். விலகல் ஒழியும்வரை திரும்பச் செய்ய வேண்டும். கொள்ளளவு 63 மி.லி.யை நெருங்காவிட்டால், தசையின் விறைப்பை மாற்றிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

எல்லை நிபந்தனைகளிலும், அதாவது மாதிரியின் விளிம்புகளை எப்படிப் பிடித்து வைக்கிறோம் என்பதிலும், ஒரு பொறி உண்டு. மேல் விளிம்பை முழுவதும் இறுக்கிக் கட்டினால், கீழ் முனை மேலே ஏறும். உண்மையான இதயத்தில் கீழ் முனை ஏறத்தாழ நிலையாக இருக்க, வால்வுத் தளம்தான் அதை நோக்கி இறங்குகிறது. இதய உறையைக் குறிக்கும் வகையில் வெளிப்பரப்பில், பரப்புக்குச் செங்குத்தாக மட்டும் செயல்படும் மெல்லிய ஸ்பிரிங்குகளை வைத்து மேல் விளிம்பைத் தளர்த்தினால் அசைவு இயல்புக்கு வரும்.

சுருக்கத்தைச் சேர்க்கும் முன், உங்கள் நிரலைச் சோதியுங்கள். சாண்டர் லேண்டும் பிற குழுக்களும் சேர்ந்து 2015இல் வெளியிட்ட மூன்று ஒப்பீட்டுக் கணக்குகள் இதற்கென்றே உள்ளன: வளையும் சிறு சட்டம், 10 கிலோபாஸ்கலில் விரியும் நீள்வட்டகம், 15 கிலோபாஸ்கல் அழுத்தத்தோடு 60 கிலோபாஸ்கல் தசை இழுவிசையும் செயல்படும் நீள்வட்டகம். இவற்றின் விடைகளோடு ஒத்துப்போகாத நிரலில் மேற்கொண்டு எதையும் கட்டாதீர்கள்.

சுருக்கம் என்பது, நாரின் திசையில் காலத்தோடு ஏறி இறங்கும் கூடுதல் தகைவு, அவ்வளவுதான். அது நாரின் நீளத்தையும் பொறுத்திருக்குமாறு எழுதினால், அதிகம் நிரம்பிய இதயம் அதிக வலுவோடு சுருங்கும் ஃப்ராங்க்–ஸ்டார்லிங் பண்பும் கிடைக்கும். இழுவிசையைச் சிறு படிகளில் ஏற்றுங்கள். தீர்வு குவியாவிட்டால் படியைப் பாதியாக்குங்கள். இப்போது கீழ் முனையிலிருந்து பாருங்கள்: முனை இடஞ்சுழியாகவும் மேற்பகுதி சற்றே வலஞ்சுழியாகவும் திரும்ப வேண்டும். எதிராகத் திரும்பினால் நாரின் கோணக் குறி மாறியிருக்கிறது.

வால்வுகள் மூடியிருக்கும் கட்டங்களில் கொள்ளளவை மாறாமல் வைத்து, அழுத்தத்தை அறியப்படாத மாறியாகக் கணக்கிட வேண்டும். அது பெருந்தமனியின் அழுத்தத்தைத் தாண்டியதும் வால்வு திறந்ததாகக் கொண்டு, ஓட்டத்தை, தமனிகளின் நெகிழ்வையும் தடையையும் மின்சுற்றுப்போல் குறிக்கும் மூன்று உறுப்பு விண்ட்கெசல் சுற்றுடன் இணைக்கலாம். இதன் மூல வடிவம் 1899இல் ஓட்டோ ஃப்ராங்க் தந்தது. முதல் துடிப்பின் முடிவை நம்பாமல், அடுத்தடுத்த துடிப்புகளின் அழுத்தம்–கொள்ளளவு வளையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும்வரை ஓடவிடுங்கள். இறுதியில், உச்ச அழுத்தம் 120 மி.மீ. அருகிலும் ஒரு துடிப்பில் வெளியேறும் அளவு 70 மி.லி. அருகிலும் வருமாறு, உச்ச இழுவிசையையும் சுற்றின் தடையையும் மட்டும் மாற்றுங்கள். ஏற்கெனவே பொருத்திய சுருங்காத தசையின் அளவுருக்களை இந்த நிலையில் தொடாதீர்கள்.

தகைவின் வண்ணப் படத்தைப் படிக்கும்போது கீழ் முனையையும் மேல் விளிம்பையும் விட்டுவிடுங்கள். முனையில் நார்களின் திசை ஒரே புள்ளியில் குழம்புகிறது. விளிம்பில் நாம் வைத்த கட்டுப்பாடே எண்களை உயர்த்துகிறது. சுவரின் நடுப்பகுதியில், மெஷை இரு மடங்கு நுணுக்கமாக்கியும் மாறாமல் நிற்கும் மதிப்புகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.