ஸ்பைடர்மேனுக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு சண்டை வந்தா எப்படிப் பேசறது

போன மாசம் கொழிஞ்சாம்பாறையில அக்கா வீட்டுக்குப் போயிருந்தப்ப அக்கா பொண்ணு கேட்டா, "ஏனுங்க மாமா, பீட்டருக்கு டைவர்ஸ் ஆயிருச்சுங்களா?" பீட்டர்ங்கறது ஸ்பைடர்மேனோட நெஜப் பேரு. அவ முதல்ல படிச்சது 2024ல ஆரம்பிச்ச அல்டிமேட் ஸ்பைடர்மேன் காமிக்ஸ், மெயின் கதையோட சேராத வேற உலகத்துக் கதை, அதுல பீட்டரும் மேரி ஜேனும் புருஷன் பொண்டாட்டி, ரெண்டு குழந்தைங்க, அப்புறம் நான் உக்கடத்துல பழைய புக் கடையில வாங்கிட்டு வந்ததுல அதே பீட்டர் ஒண்டிக்கட்டை, பாவம் குழம்பிட்டா.

அதனால முதல் வேலை, எந்த உலகத்துக் கதை, எந்த வருஷத்துக் கதைன்னு கேளுங்க, பாதி சண்டை அங்கயே முடிஞ்சிரும்.

மெயின் கதையில கல்யாணம் நடந்தது 1987ல. 2007 கடைசியில பீட்டரை வளத்த மே அத்தை குண்டடிபட்டு சாகக் கிடக்க, மெஃபிஸ்டோங்கற பிசாசு அவங்க உயிருக்கு விலையா இந்தக் கல்யாணத்தைக் கேக்குது, இவங்களும் குடுத்துடறாங்க, கல்யாணம் நடக்கவே இல்லன்னு ஆயிருது. இதுல அப்ப மார்வெல் காமிக்ஸ் எடிட்டரா இருந்த ஜோ கஸாடா பக்கத்தையும் நேர்மையா சொல்லிருங்க: கல்யாணம் ஆனா ஹீரோவுக்கு வயசு கூடுது, டைவர்ஸ் பண்ணி வெச்சா இன்னும் கூடுது, அதான் அழிச்சோம்கறது அவர் வாதம். ஆனா அந்தக் கதையோட ரைட்டர் ஸ்ட்ராசின்ஸ்கியே முடிவு புடிக்காம கடைசிப் பகுதிகள்ல இருந்து தன் பேரை எடுக்கச் சொன்னாரு. அதனால ரசிகர் ஒரு பக்கம், எழுதறவங்க ஒரு பக்கம்னு பிரிக்காதீங்க, அவங்களுக்குள்ளயே சண்டைதான்.

கல்யாணம் கதையைக் கெடுக்கும்னு யாராவது சொன்னா வாய்ப்பேச்சு வேண்டாம், க்ரேவன்ஸ் லாஸ்ட் ஹன்ட்ங்கற ஸ்பைடர்மேன் கதையை கையில குடுங்க. அதுவும் 1987தான், பீட்டர் புதுசா கல்யாணமானவன், க்ரேவன்ங்கற வேட்டைக்கார வில்லன் அவனை உயிரோட புதைச்சிட்டு அவன் டிரெஸ்ஸையே போட்டுட்டு ஊரைச் சுத்தறான், ரெண்டு வாரம், வீட்ல மேரி ஜேன் தவிச்சுட்டு கெடக்கறா, அவ நினைப்புலதான் பீட்டர் மண்ணைக் கிழிச்சுட்டு எந்திரிக்கறான். காத்திருக்க ஆளில்லன்னா அந்தப் பக்கத்துக்கு உயிரே கெடையாதுங்க, எனக்கு இதுல சந்தேகமே இல்ல.

ராணி காமிக்ஸ் படிச்சு வளந்த பெரியவங்க கிட்ட இன்னும் சுலபம், நம்ம முகமூடி வீரர் மாயாவியை, அதான் இங்கிலீஷ்ல ஃபேன்டம், ஞாபகப்படுத்துங்க. அவருக்கும் டயானாவுக்கும் 1977ல கல்யாணம், வம்சம் தொடர்ந்தாதான் அடுத்த மாயாவியே உண்டு, அங்க கல்யாணம் கதையோட தூண். சூப்பர்மேனுக்கு 1996ல கல்யாணம், 2011ல அழிச்சாங்க, 2016ல பொண்டாட்டி புள்ளையோட திரும்ப வந்தாரு.

கோபத்துல ரைட்டரைத் திட்டாதீங்க, கதையில எது ஒட்டலன்னு எழுதுங்க. 2009ல பேப்பர்ல வர்ற ஸ்பைடர்மேன் தொடர்லயும் கல்யாணத்தைத் தூக்கினாங்க, வாசகர்கள் விடல, அதே வருஷம் எல்லாம் கனவுன்னு சொல்லி திரும்ப சேத்து வெச்சாங்க.

புதுசா படிக்கற புள்ளைங்களுக்கு 1987 கல்யாணம், அப்புறம் க்ரேவன், அப்புறம் அல்டிமேட்னு குடுங்க, மெஃபிஸ்டோவை கடைசியா குடுங்க, இவங்க ரெண்டு பேரையும் புடிச்சுப் போனப்புறம்தான் அங்க என்ன போச்சுன்னு புரியும். அக்கா பொண்ணு இப்ப க்ரேவன் கதையில பீட்டர் அந்தக் குழிக்குள்ள இருக்கற பக்கத்துல நிக்கறா.