காப்பீட்டு நிறுவனத்தின் பங்குப் பிரீமியத்தைப் படிப்பது எப்படி

காப்பீட்டு நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் ‘பிரீமியம்’ என்ற சொல் இரண்டு இடங்களில் வரும். இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பாலிசிதாரர் கட்டும் பிரீமியம் வருவாய்க் கணக்கைச் சேர்ந்தது. பங்கை அதன் முகமதிப்புக்கு (பங்கின் மேல் குறிக்கப்பட்ட மதிப்புக்கு) மேல் விற்றதால் கிடைத்த பிரீமியமோ, லாபமும் அல்ல, வருமானமும் அல்ல. அது பங்குதாரர் போட்ட முதல். அமெரிக்கக் கணக்குகளில் கூடுதல் செலுத்தப்பட்ட மூலதனம் எனப்படுவதும், நம் மேல்நிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் பாடநூல் பத்திர முனைமம் என்பதும் இதுவே.

இதைத் தேட, இருப்புநிலைக் குறிப்பின் அட்டவணை 5-ஐயும் 6-ஐயும் அருகருகே வைத்துக்கொள்ள வேண்டும். முன்னதில் பங்கு மூலதனம் முகமதிப்பில் மட்டும் இருக்கும். மிகுதிப் பணம், பின்னதில் ‘காப்புகளும் உபரியும்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். காலாண்டு வெளியீடுகளில் ஆயுள் காப்பீட்டு நிறுவனங்களுக்கு எல்-10, பொதுக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு என்எல்-10 என்ற படிவத்தைப் பார்த்தால் போதும்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் 2021-இன் இறுதியில் பங்குச் சந்தைக்கு வந்தபோது, 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 900 ரூபாய்க்கு விற்று, புதிய பங்குகள் மூலம் 2,000 கோடி ரூபாய் திரட்டியது. ஊழியர்களுக்குத் தந்த தள்ளுபடியை விட்டுவிட்டுக் கணக்கிட்டால், ஏறத்தாழ 2.22 கோடிப் பங்குகள். அவற்றால் பங்கு மூலதனத்தில் ஏறுவது சுமார் 22 கோடி ரூபாய், பங்குப் பிரீமியத்தில் ஏறுவது சுமார் 1,978 கோடி ரூபாய். அட்டவணை 5-ஐ மட்டும் பார்த்துவிட்டு ‘இவ்வளவு சிறிய முதலா?’ என்று கேட்பவர் எங்கே தவறுகிறார் என்பது இதிலேயே விளங்கும்.

அதே பங்கு வெளியீட்டில் பழைய பங்குதாரர்கள் விற்ற பங்குகளும் இருந்தன. அந்தப் பணம் நிறுவனத்துக்கு வராது. 2022 மே மாதம் எல்ஐசி வெளியீட்டில், 10 ரூபாய்ப் பங்கு 949 ரூபாய்க்கு விற்கப்பட்டபோதிலும், விற்றவை முழுவதும் மத்திய அரசின் கைவசமிருந்த பங்குகள் என்பதால், எல்ஐசியின் பங்குப் பிரீமியத்தில் அதனால் ஒரு ரூபாயும் கூடவில்லை. (60 ரூபாய் தள்ளுபடியில் வாங்கிய பாலிசிதாரர்களில் பலர், தங்கள் பணம் எல்ஐசிக்குப் போனதாகவே எண்ணியிருக்கக்கூடும்.) ஆகவே வெளியீட்டு விலையைக் காட்டிலும், அது புதிய பங்கா, கைமாறிய பங்கா என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

பங்குப் பிரீமியத் தொகையிலிருந்து ஈவுத்தொகை தர முடியாது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, இலவசப் பங்குகள் வழங்கவும், பங்கு வெளியீட்டுச் செலவுகளைத் தள்ளுபடி செய்யவும், பங்குகளைத் திரும்ப வாங்கவும், இன்னும் ஓரிரு நோக்கங்களுக்கும் மட்டுமே இதைப் பயன்படுத்த அனுமதிக்கிறது.

காப்பீட்டுத் தொழிலில் இந்த முதலின் தேவை அழுத்தமானது. விற்கும் பாலிசிகள் பெருகப் பெருகப் பொறுப்பும் பெருகுவதால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-இன் விதிப்படி, பொறுப்புகளைத் தீர்க்கும் வலிமையைக் காட்டும் ‘சால்வன்சி’ விகிதம் 1.5-க்குக் கீழே இறங்காதபடி முதலைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கிறது. ஸ்டார் ஹெல்த் புதிய பங்குகளை வெளியிட்டதற்குச் சொன்ன காரணமும் இதுவே.

ஆனால் அட்டவணை 6-இல் பெரிய எண்ணைக் கண்டதும் நிறைவடைந்துவிடக் கூடாது. காப்புகளில் கழித்தும் மீந்து நிற்கும் நட்டம், இருப்புநிலைக் குறிப்பிலேயே தனி வரியாக, லாப நட்டக் கணக்கின் பற்று இருப்பு என்று வேறோர் இடத்தில் காட்டப்படும். கொரோனாக் கால இழப்பீட்டுக் கோரிக்கைகளால் ஸ்டார் ஹெல்த்துக்கு 2021-22-இல் மட்டும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் நட்டம் ஏற்பட்டது. பங்கு மூலதனத்தையும் காப்புகளையும் கூட்டி, தனியாகக் காட்டிய அந்த நட்டத்தைக் கழித்த பிறகு நிற்பதே பங்குதாரர்களுக்கு உண்மையில் மீதமிருக்கும் முதல்.