கடைசி நாளுக்கு வேலை வைக்காதீர்கள்

வெளிநாடு போகிறவர்களுக்கு, மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வாகனத்தில் ஆறேழு மணித்தியாலம். விமானத்துக்கு மூன்று மணித்தியாலம் முன்னதாக அங்கே நிற்க வேண்டும். இரவு விமானமென்றால் காலையிலேயே வெளிக்கிட வேண்டும். ஆகவே, வீட்டாரோடு ஆறுதலாக இருக்கக் கிடைக்கும் கடைசி நாள் அதற்கு முந்தின நாள்தான்.

கொண்டுபோகும் மிளகாய்த்தூளை அதற்கும் இரண்டு நாள் முன்பே வறுத்துத் திரித்துவிடுங்கள். சூட்டோடு அடைத்தால் பைக்குள் வேர்த்து, தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடிக்கும். கடதாசியில் பரப்பி இரவு முழுக்க ஆறவிட்டு, இரட்டைப் பையில் கட்டிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள். பவர் பாங்க் மட்டும் கைப்பையில்.

எருமைத் தயிரை இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள். பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கைப் பாற்பொருளை உள்ளே விடா. அவுஸ்திரேலியா போகிறவர்கள் கருவாடு, தூள் எல்லாவற்றையும் பயணிகள் அட்டையில் கட்டாயம் குறிப்பிட வேண்டும், மறைத்தால் தண்டம்.