வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதும்: மின்தடை, மின்திறன் கணக்கிடும் முறை

முதலில் இரண்டு கணக்குகள்.

வோல்ட் (மின்னழுத்தம்) ÷ ஆம்பியர் (மின்னோட்டம்) = ஓம் (மின்தடை)
வோல்ட் × ஆம்பியர் = வாட் (மின்திறன்)

முதலாவது, ஜெர்மானியர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதியிலிருந்து வருவது. சூத்திரத்தை மனப்பாடம் செய்வதைவிட ஒருமுறை அளந்து பார்ப்பதே மேல். பழகும்போது வீட்டு 230 வோல்ட்டில் கை வைக்க வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி, 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பு, மல்டிமீட்டர் (வோல்ட், ஆம்பியர், ஓம் மூன்றையும் அளக்கும் மீட்டர்), கொஞ்சம் ஒயர் போதும். பேட்டரியின் பாசிட்டிவ் ஒயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

படி 1: பல்பு எரியும்போது, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பல்பின் இரு முனைகளிலும் மீட்டர் ஒயர்களின் முள்ளை வையுங்கள். 12.2 வோல்ட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். மீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, திருகையும் 10 ஆம்பியரில் வையுங்கள். பல்புக்குப் போகும் ஒரு ஒயரைப் பிரித்து, இடையில் மீட்டரைச் சேர்த்து இணைப்பைக் கொடுங்கள். 1.8 ஆம்பியர் என்று கொள்வோம்.

அளந்து முடித்த கையோடு சிவப்பு ஒயரைப் பழைய துளைக்கே மாற்றிவிடுங்கள். ஆம்பியர் துளையில் இருக்கும்போது மீட்டர் வெறும் ஒயர் மாதிரிதான். அப்படியே பேட்டரி முனைகளில் வைத்தால் ஷார்ட் சர்க்யூட். மலிவான மீட்டர்கள் பலவற்றில் அந்தத் துளைக்கு ஃபியூஸும் கிடையாது.

படி 3: 12.2 ÷ 1.8 = 6.8 ஓம். 12.2 × 1.8 = 22 வாட். மீட்டர் மில்லி ஆம்பியரில் காட்டினால் 1000-ஆல் வகுத்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். 350 மில்லி ஆம்பியர் என்பது 0.35 ஆம்பியர்.

இப்போது பல்பைக் கழற்றி, ஆறியதும் மீட்டரை ஓமில் வைத்து அதன் மின்தடையை நேராக அளந்து பாருங்கள். ஒரு ஓம் பக்கத்தில்தான் காட்டும்! மீட்டர் பழுதில்லை. டங்ஸ்டன் இழை சூடேறினால் அதன் மின்தடை பல மடங்கு கூடிவிடும். எரியும்போது உள்ள மின்தடை வேண்டுமென்றால் வோல்ட்டையும் ஆம்பியரையும் அளந்து வகுப்பதுதான் வழி.

அயர்ன் பாக்ஸ் அப்படியல்ல. அதிலுள்ள நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பியின் மின்தடை சூட்டில் பெரிதாக மாறாது. லேபிளில் 230 வோல்ட், 1000 வாட் என்றிருந்தால் 1000 ÷ 230 = 4.35 ஆம்பியர், 230 ÷ 4.35 = 52.9 ஓம். பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து உருவிவிட்டு, சூட்டுத் திருகை முழுதாகத் திருப்பி, எர்த் பின்னை விட்டு மற்ற இரண்டிலும் மீட்டரை வைத்தால் கிட்டத்தட்ட அதே ஓம் கிடைக்கும்.

சரி, மாலையில் லோ வோல்டேஜ், 180 வோல்ட்தான் வருகிறது. 180 ÷ 52.9 = 3.4 ஆம்பியர். 180 × 3.4 = 612 வாட். வோல்டேஜ் ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது; சூடோ ஐந்தில் இரண்டு பங்கு போய்விட்டது. வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது, பெருக்கும்போது இரண்டு குறைவும் ஒன்றுகூடுகின்றன. அயர்ன் பாக்ஸைக் குறை சொல்லிப் பயனில்லை.

மின்விசிறி, மிக்ஸி போன்ற மோட்டார் சாமான்களுக்கு இந்தக் கணக்கை அப்படியே போடாதீர்கள். ஏசி கரண்டில் அவற்றின் உண்மையான வாட், வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதைவிடக் குறைவாக இருக்கும். அதற்குப் பவர் ஃபேக்டரையும் (உண்மையான வாட்டுக்கும் வோல்ட் × ஆம்பியருக்கும் உள்ள விகிதம்) சேர்த்துப் பெருக்க வேண்டும்.